யானையைப் பார்த்த பிள்ளைகள்

அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கிலேயே பிறந்து வளர்ந்த பெண், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு கழித்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால், சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவாள். கழித்தலில் கடன் வாங்குவதை எப்படிப் புரிய வைப்பது, அம்மாவை இழந்த குழந்தையிடம் அன்னையர் தினத்தன்று என்ன பேசுவது, இப்படி. அன்றைக்கு உட்காரும்போதே முகம் வாடியிருந்தது.

"டீச்சர், நேத்து ஒரு பையன் கேட்டான். 'மிஸ், நம்ம ஊர்லேர்ந்துதானே எல்லா ஊருக்கும் கரண்ட் போகுது? அப்போ முதல் குண்டு நமக்குத்தானே போடுவாங்க?' எனக்குப் பதில் வரலை. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, நோட்டை எடு'ன்னுட்டேன். எடுத்தான். ஆனா அன்னைக்குப் பூரா ஒரு வரிகூட எழுதலை."

இது 2025 ஜூன் மூன்றாவது வாரம். பள்ளி திறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அந்தக் கோடை விடுமுறையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7 விடியுமுன் பாகிஸ்தான்மேல் ஆபரேஷன் சிந்தூர். அதே நாள் நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை. நமக்குப் பக்கத்தில், அணுமின் நிலையம் இருக்கிற கல்பாக்கத்திலும் சென்னையிலும் சைரன் ஒலித்தது. மே 10 அன்று சண்டை நிறுத்தம். பள்ளி திறந்த பத்தாம் நாளைத் தாண்டியதும், ஜூன் 13 அன்று, இஸ்ரேல் ஈரான்மேல் குண்டு போட்டது. விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் வீட்டில், கையில் போன். கேட்டுத் தெளிய டீச்சர் இல்லை. ஆக அந்தப் பையனின் கேள்வி நேற்று முளைத்த கேள்வி இல்லை. ஒன்றரை மாதம் உள்ளே ஊறிக் கிடந்தது.

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவளிடம் முதலில் சொன்னது: அவன் கேட்டது நல்ல கேள்வி. நெய்வேலிப் பிள்ளையால்தான் இப்படிக் கேட்க முடியும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று மற்ற ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்கள். இங்கே புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கிறார்கள். சுரங்கத்தில் மேல்மண் பாறையாக இருக்கிற இடத்தில் வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் அந்த ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்ட முடியும். அந்தச் சத்தம் கேட்டே வளர்கிறார்கள். கேட்டில் துப்பாக்கியோடு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள் நிற்பதைத் தினமும் பார்க்கிறார்கள். வெடிச்சத்தமும் துப்பாக்கியும் மின் நிலையமும் கண்முன் இருக்கும் ஊரில், போனில் போரையும் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை இந்த நான்கையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறான். கூட்டல் சரி. விடைதான் அவனைப் பயமுறுத்துகிறது.

"அப்ப என்ன சொல்லியிருக்கணும்?"

சொல்வதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். "உனக்கு இது எப்படித் தோணுச்சு? என்ன பார்த்தே?" அவ்வளவுதான். சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம் உன்னுடையது, உனக்கே தெரியும்: பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் நிலக்கரியில் கை வைக்கலாம். இறைக்காமல் தோண்டினால் தரை பிய்த்துக்கொண்டு கிளம்பும். பிள்ளையிடமும் முதல் வேலை இறைப்பதுதான். நாம் நினைக்கிற பயம் ஒன்றாக இருக்கும், அவன் மனசில் இருப்பது வேறாக இருக்கும். அவன் அப்பா இரவு ஷிஃப்ட் போகிறவராக இருக்கலாம். அப்பா அனல்மின் நிலையத்தில் இருக்கும்போது குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வியாக இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காஷ்மீர் வரலாற்றை எடுத்துவிட்டால், அவன் இன்னும் தனியாகிப் போவான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா டீச்சர். அவங்க அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலைதான்."

கேட்ட பிறகு பதில். பதிலில் பொய் கலக்கக் கூடாது. "நமக்கு எதுவுமே ஆகாது" என்பது யாராலும் தர முடியாத வாக்கு. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நாம் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள். அதற்காக உண்மை பயமுறுத்துவதாகவே இருக்க வேண்டியதில்லை. பஹல்காமுக்கும் நெய்வேலிக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிலோமீட்டர் புரியாது. சுவரில் இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டு, அவன் போன ஊர்களைக் காட்டச் சொல். கடலூர், சிதம்பரம், அத்தை வீட்டுக்குப் போன சென்னை. சென்னை போக எவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய் என்று கேள். அந்தத் தூரம் படத்தில் ஒரு விரல் நீளம்கூட வராது. பிறகு விரலை மேலே, மேலே, உச்சி வரைக்கும் கொண்டுபோகச் சொல். அவன் உடம்பே தூரத்தைப் புரிந்துகொள்ளும்.

கல்பாக்கத்துச் சைரனைக் கேட்டுப் பயந்திருந்தால், சொல்லத் தக்க ஒரு செய்தி உண்டு. இது பெரியவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டன. 1992 தொடங்கி ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1 அன்று இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் சண்டை நடந்தும் இந்த வழக்கம் நிற்கவில்லை. நம்முடையது அனல்மின் நிலையம். அந்தப் பட்டியலில் வராது. அதையும் மறைக்காதே. ஆனால், சண்டைக்காரர்கள்கூடச் சில வாக்குகளைக் காப்பாற்றுகிறார்கள் என்பது பிள்ளைக்குப் புது விஷயம். விளையாட்டில் 'அம்பேல்' சொன்னால் யாரும் தொடக் கூடாது என்பது போல என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வான்.

இன்னொன்றையும் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் செய்தியைக் காதால் கேட்பதைவிடப் பெரியவர்கள் முகத்தைப் படிக்கிறார்கள். லண்டன்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். தாங்கள் கண்டதை 1943-ல் புத்தகமாகவும் போட்டார்கள். குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் உலுக்கியது. அம்மா நிதானமாக இருந்தால் குழந்தையும் பெரும்பாலும் நிதானமாக இருந்தது. அம்மா நடுங்கினால் அதுவும் நடுங்கியது. எண்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் புத்தகத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. "நோட்டை எடு" என்று நீ சொன்னபோது அவன் உன் குரலைத்தான் கேட்டிருப்பான். மிஸ்ஸுக்கே பயம் என்று முடிவு கட்டியிருப்பான்.

அவள் கண் கலங்கியது. எழுந்துபோய் வேகவைத்த பலாக்கொட்டையைக் கிண்ணத்தில் எடுத்துவந்து வைத்தேன். பண்ருட்டிப் பக்கத்துப் பலா வரத்து முடியாத மாதம் அது. எனக்கும் இப்படி நடந்திருக்கிறது, இதைவிட மோசமாக நடந்திருக்கிறது என்றேன்.

1999. கார்கில் சண்டை. அப்போது நான்காம் வகுப்பு நடத்தினேன். திருச்சிக்காரரான மேஜர் சரவணன் மே மாதக் கடைசியில் படாலிக் மலையில் உயிரிழந்தார். அவர் உடல் மலையிலிருந்து வந்துசேர ஜூலை ஆகிவிட்டது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் பேப்பரில் வந்த படத்தை வெட்டி எடுத்துவந்தார்கள். வீரர்களுக்காக வைத்த உண்டியலில் காசு போட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் ஒருவன் தன் பக்கத்தில் உட்கார்கிற பையனிடம் கேட்டான்: "நீ எந்தப் பக்கம்?" கேட்கப்பட்டவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பாவும் இதே சுரங்கத்தில் மண் சுமந்து போகும் கன்வேயரைப் பார்த்துக்கொள்கிறவர். நான் நாலடி தள்ளி நின்றேன். காதில் விழுந்தது. குழந்தைப் பேச்சு, பெரிதுபடுத்தினால் இன்னும் பெரிதாகும் என்று நினைத்து, விழாதது போல இருந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பையன் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காசு கொண்டுவந்து உண்டியலில் போட்டான். ஒன்பது வயசு. எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டான். அந்தக் காசு விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. நான் அன்றைக்கே அந்த இருவர் நடுவே போய் நின்று, "இவன் நம்ம பக்கம், நம்ம வகுப்புல வேற பக்கம் கிடையாது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அவன் அந்தக் காசைக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. அதனால் சொல்கிறேன்: போர் பற்றிய பாடத்தை நிதானமாக அப்புறம் நடத்தலாம். வகுப்பில் ஒரு பிள்ளையை மதத்தாலோ மொழியாலோ எதிரியாக்குகிற பேச்சு வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். கேட்டவனை அவமானப்படுத்தவும் வேண்டாம். அவன் வீட்டில் காதில் விழுந்ததைத்தான் கொண்டுவந்திருக்கிறான். இந்த வருஷமும் பஹல்காமுக்குப் பிறகு இதே கேள்வி நிறைய வகுப்புகளில் வேறு வேறு வார்த்தைகளில் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"டீச்சர், தமிழ்ப் பாடத்துலயே வீரம்தானே நிறைய இருக்கு?" என்றாள் அவள்.

இருக்கிறது. மார்பில் வேல் வாங்கிய மகன், அவனைப் போருக்கு அனுப்பிய தாய், போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெட்சி, வஞ்சி, நொச்சி, தும்பை, வாகை என்று ஒரு பூ. அதைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் புறநானூற்றைக் கையில் எடுத்தவர்கள் அதில் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். நாற்பத்தாறாம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இட ஏற்பாடு செய்கிறான். மலையமான் நாடு எங்கோ இல்லை, திருக்கோவிலூர். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர், காலையில் பஸ் ஏறினால் போய்த் திரும்பி வந்துவிடலாம். கூட்டம் கூடியிருக்கிறது. யானை வந்து நிற்கிறது. அங்கே கோவூர் கிழார் போய் நின்று அரசனிடம் பேசுகிறார்.

அவர் பேசியது எவ்வளவு சின்னப் பேச்சு, பார். புறாவின் துன்பத்தைப் போக்கியவன் வழிவந்தவன் நீ என்கிறார். இவர்கள், புலவர்களின் வறுமை கண்டு பொறுக்காமல் தம்மிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறவர்களின் மரபில் வந்தவர்கள் என்கிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவை யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டன. இப்போது கூட்டத்தைப் பார்த்துத்தான் புதிதாக மிரள்கின்றன என்கிறார். கேட்டாயல்லவா, இனி உன் விருப்பம் என்று முடித்துக்கொள்கிறார். பிள்ளைகள் பிழைத்தன என்பது பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி.

இந்தப் பாட்டை நான் வகுப்பில் கதையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யானையைப் பார்த்து அழுகை நின்ற இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த யானை எதற்காக வந்திருக்கிறது என்று புரிந்ததும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ரத்தம் காட்ட வேண்டியதில்லை, பிணம் காட்ட வேண்டியதில்லை. பெரியவர்களின் சண்டை தெரியாத ஒரு குழந்தை யானையைப் பார்த்து மகிழ்ந்துபோகிறது என்ற ஒன்றே போதும். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு புலவர் குழந்தையின் கண்ணை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். 'இவர்கள் நிரபராதிகள்' என்று அவர் வாதாடவில்லை. அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று அரசனைப் பார்க்க வைத்தார், அவ்வளவுதான். போர் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால் பாரி மகளிர் பாடிய நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மூவேந்தர் முற்றுகையில் அப்பாவையும் மலையையும் இழந்த இரண்டு பெண்கள் போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் நினைத்துப் பாடியது. ஐந்தே அடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பென்றால் கடலூரையும் விட மாட்டேன். வெள்ளிக் கடற்கரைக்குப் போகாத பிள்ளை இங்கே இருக்காது. பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் எச்சம் இருக்கிறது. 1783 ஜூன் மாதம் அந்தக் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் உள்ளே. ஜூன் 20 அன்று கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. விசேஷம் என்னவென்றால், அந்த இரண்டு நாடுகளும் ஜனவரி மாதமே ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. செய்தி கப்பலேறிக் கடலூர் வந்துசேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. வந்ததும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். இதைச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அப்ப நடுவுல செத்தவங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதே. இரண்டு நாள் வகுப்பிலேயே கிடக்கட்டும்.

உக்ரைன் பற்றிக் கேட்டாலும் நெய்வேலியிலிருந்தே தொடங்கலாம். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி 2020-ல் ஓய்ந்த நம் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது. அந்தச் சோவியத் நாட்டுக்குள் ரஷ்யாவும் இருந்தது, உக்ரைனும் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்கள் 2022 பிப்ரவரியிலிருந்து அடித்துக்கொள்கிறார்கள். அங்கே டாக்டருக்குப் படிக்கப் போய் ஓடிவந்த தமிழ்நாட்டு மாணவர்களில் யாரோ ஒருவரை இந்த டவுன்ஷிப்பில் யாராவது அறிந்திருப்பார்கள்.

வீடியோ பற்றி அவள் கேட்டாள். மே மாதம் சுற்றிவந்த காட்சிகளில் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து வெட்டியெடுத்தவையும் உண்மைப் போராகக் காட்டப்பட்டன. பெரியவர்களே ஏமாந்தார்கள். சின்னக் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கட்டடம் இடிவதைப் பத்துத் தடவை காட்டினால், பத்துக் கட்டடம் இடிந்ததாகவே எண்ணிக்கொள்ளும். வகுப்பில் வீடியோ வேண்டவே வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கெஞ்சிக் கேட்டுச் சொல்: ராத்திரி செய்தி ஓடும்போது பிள்ளையைத் தூங்க வையுங்கள், அல்லது டிவியை அணையுங்கள்.

இவ்வளவு நேரம் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து நான் சொன்னதற்குத்தான் கையைப் பிசைந்தாள்.

காஷ்மீர், ஈரான், உக்ரைன், ஹிரோஷிமா எல்லாம் பேசுவது சுலபம். ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள் வந்தால் காகிதக் கொக்கு மடிக்கலாம், அந்தக் கொக்குகளை மடித்த சிறுமி சடாகோவின் கதை சொல்லலாம். நானும் வருஷா வருஷம் மடித்திருக்கிறேன். ஆனால் 2023 ஜூலை 26 அன்று இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வளையமாதேவியில், கதிர் பிடிக்க இருந்த நெல்வயலில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. உழுது விதைத்தவர்கள் உழுதுகொண்டுதான் இருந்தார்கள். ஜூலை 28 அன்று நெய்வேலி ஆர்ச் கேட் முன்னால் பாமக முற்றுகை. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீய்ச்சல், வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. போலீஸாரும் காயமடைந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி பயிர் அழிக்கப்பட்டதைப் பார்த்து மனம் வெதும்பிப் பேசினார். பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டியதாயிற்று.

"அதுக்கு அடுத்த திங்கட்கிழமை வகுப்புல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"விளையாட்டு," என்றாள். "பாதிப் பேர் போலீஸ், பாதிப் பேர் கல்லெறியறவங்க. உடைஞ்ச சாக்பீஸைப் பொறுக்கிப் பொறுக்கி எறிஞ்சாங்க. நான் அதட்டி நிறுத்திட்டேன்."

விளையாட்டை நிறுத்தியிருக்க வேண்டாம். சாக்பீஸை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் போதும். பார்த்ததைத் திரும்ப ஆடிப் பார்த்துத்தான் பிள்ளைகள் ஜீரணிக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் ஒருத்தருக்கும் கிடைக்காத பாத்திரம் ஒன்று இருந்திருக்கும்: வயல்காரர். அதை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். மண்வெட்டி இயந்திரம் ஓட்டினவரையும் கேட்டிருக்கலாம். அவர் பிள்ளையும் இதே ஊரில்தானே படிக்கிறது.

"டீச்சர், நாங்க குடியிருக்கறது குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரருக்கு வேலையும் என்.எல்.சி.லதான். நான் வாயைத் திறந்தா எந்தப் பக்கம்னு கேப்பாங்க."

அவள் பயம் நியாயமானது. நானும் இந்த நிழலில் இருந்தவள்தான். இந்த மரங்கள், இந்த அகலமான சாலைகள், இந்த ஆஸ்பத்திரி எல்லாம் எனக்குச் சோறு போட்டவை. நெய்வேலி என்ற பெயரே ஒரு கிராமத்துடையது என்பதையும், 1956-ல் என்.எல்.சி. தொடங்கியபோது தன் நிலத்தைத் தந்த ஜம்புலிங்க முதலியாரின் பெயரைச் சொல்லித் தருகிற நாங்கள், இடம்பெயர்ந்து போன மற்ற குடும்பங்களைப் பற்றிப் பேசியதே இல்லை என்பதையும் ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன்.

பக்கம் எடுக்கச் சொல்லவில்லை. யார் சரி, இழப்பீடு போதுமா, கரண்ட் இல்லாமல் முடியுமா, இதெல்லாம் பெரியவர்கள் கோர்ட்டிலும் சட்டமன்றத்திலும் தீர்க்க வேண்டிய கணக்கு. அதை எட்டு வயதுத் தோளில் ஏற்றக் கூடாது. ஆனால் நடந்ததை நடந்தது என்று சொல்லலாம். ஒருத்தர் விதைத்த நெல் போய்விட்டது, அவருக்கு வலிக்கும். வண்டி ஓட்டினவர் வேலைக்கு வந்தார், அவரைத் திட்டினார்கள், அவருக்கும் வலிக்கும். போலீஸ்கார அப்பா ஒருத்தர் தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்திருப்பார். இந்த எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கிறார்கள். இதைச் சொன்னதற்காக உன்னை யாரும் கேள்வி கேட்டால், வடலூர் பத்துக் கிலோமீட்டர்தான், வள்ளலார் பயிரைப் பற்றி என்ன பாடினார் என்று தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று சொல். பக்கத்துச் சண்டை வந்தால் மட்டும் டீச்சர் வாயை மூடிக்கொள்கிறார் என்று பிள்ளைகள் கண்டுகொண்டால், ஹிரோஷிமாவுக்கு மடித்த கொக்கெல்லாம் வெறும் காகிதமாகிவிடும்.

முகாம் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்பலவாணன்பேட்டையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்தப் பிள்ளைகள் இலங்கையைப் பார்த்ததில்லை. ஆனால் ஷெல், பங்கர், இடம்பெயர்தல் என்ற சொற்கள் அவர்களுக்குப் பாட்டியிடமிருந்து வந்த தாய்மொழி. அப்படி ஒரு பிள்ளை உன் வகுப்பில் இருந்தால், போர் பற்றிப் பேசும் நாளில் அதை எழுப்பி நிறுத்தி "நீ சொல்லும்மா" என்று கேட்டுவிடாதே. அதற்கு அது சாட்சி சொல்லும் இடம் இல்லை. முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு இதைப் பற்றிப் பேசப் போகிறேன், உனக்குச் சரியா என்று கேள். பேச விரும்பினால் பேசட்டும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் போகட்டும்.

டீ ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடு பண்ணினேன். இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜே.ஆர்.சி. பேட்ஜை நினைவுபடுத்தினேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சிலுவை ஒரு போர்க்களத்தில் பிறந்தது. 1859 ஜூன் 24, இத்தாலியில் சோல்ஃபெரினோ. வியாபார வேலையாகப் போன ஹென்றி டுனான்ட் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டி இரு தரப்புக்கும் கட்டுப் போட்டார். பயந்த பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுத்தால் பயம் பாதி இறங்கும். முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதச் சொல்லலாம்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். அதே பையன் வரைந்தது. நீலக் கிரயான் வானம், அதில் மூன்று விமானம், கீழே விழும் கறுப்புப் புள்ளிகள், இரண்டு உயரமான புகைபோக்கி, பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. "இதைக் கிழிச்சுப் போடச் சொல்லவா, வேற படம் வரையச் சொல்லவா?"

இரண்டும் வேண்டாம், இது அவன் சொத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடு என்றேன். திங்கட்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டைக் காட்டி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேள். வரையச் சொல்லாதே, கேட்க மட்டும் செய். அவன் யார் பெயரை முதலில் சொல்கிறானோ அதுதான் வெள்ளிக்கிழமை உன்னிடம் கேட்ட கேள்வி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தாள். அம்மா, தங்கச்சி, பாட்டி என்று சொன்னானாம். அப்பா வீட்டில் இல்லை, புகைபோக்கிப் பக்கம் என்று விரலை வைத்தானாம். ஷிஃப்ட் முடிந்து அப்பா எத்தனை மணிக்கு வருவார் என்று இவள் கேட்டிருக்கிறாள். காலையில ஆறரைக்கு, சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டே வருவாரு என்று சொல்லிவிட்டு, கறுப்புப் புள்ளிகளுக்கும் வீட்டுக்கும் நடுவே பச்சைக் கிரயானில் ஒரு சைக்கிள் வரைந்தானாம்.